பேச்சு வரத் தாமதிக்கும் குழந்தைகள்

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் நமது கடன் கமிட்டியின் முன் ஒரு மனு வந்தது. நெசவு அங்கத்தினர் ஒருவர், தம் வீட்டிலுள்ள 2 தறிகளில் ஒன்றை விற்க விலை பேசிவிட்டு, மேற்கொண்டு தேவைப்படும் தொகைக்காக 70,000 ரூபாய் கடன் கேட்டிருந்தார். காரணம் எழுதும் இடத்தில் ‘மகன் வைத்தியச் செலவு’ என்று மட்டும் கண்டிருந்தது.

அவரை அழைத்து விசாரித்தோம். மகனுக்கு அப்பொழுது 2 வயது 8 மாதம். ‘அம்மா’ என்ற சொல் இன்னும் வரவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. தறிக்கூடத்தின் மூலையில் அமர்ந்து காலித் தார்க்குச்சிகளை வரிசையாக அடுக்குவான். எவரேனும் ஒன்றை நகர்த்திவிட்டால் கதறுவான். நகரத்திலுள்ள ஒரு தனியார் நிலையம், ஆறே மாதத்தில் குழந்தையைப் பேசவைப்பதாக வாக்களித்து, முழுத் தொகையையும் முன்னதாகவே கட்டச் சொல்லியிருக்கிறது. கமிட்டியிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், “பையனுக்குக் காது சோதனை செய்தாயிற்றா, தம்பி?” என்று கேட்டார். “இல்லீங்க ஐயா, அதை யாரும் சொல்லவில்லையே” என்றார் அவர்.

தறியை விற்கத் துணிந்துவிட்ட ஒரு தகப்பனாருக்கு, சர்க்கார் ஆஸ்பத்திரியில் செலவின்றி நடைபெறும் ஒரு சோதனையைப் பற்றி எவரும் சொல்லவில்லை என்பது நம்மைத் திடுக்கிடச் செய்தது. அதன் பின்னர் விசாரித்துப் பார்த்ததில், நம் அங்கத்தினர் குடும்பங்களிலேயே இத்தகைய கவலையோடு வெளியில் சொல்லாமல் இருப்பவர்கள் இன்னும் சிலர் உண்டெனத் தெரிந்தது. ஆகவே இவ்விஷயத்தைப் பற்றி வைத்தியர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் ஆறுதல்களை முதலில் பார்ப்போம். ‘ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்’ என்பார்கள். ‘இவன் அப்பனே 5 வயதில்தான் வாய் திறந்தான்’ என்பார் பாட்டியார். இவற்றில் அரைப்பங்கு உண்மை இல்லாமல் இல்லை. 2 வயதில் பேச்சுக் குறைவாக உள்ள குழந்தைகளில் பலர், பள்ளிக்கூடம் செல்லும் பருவத்திற்குள் மற்றவர்களோடு சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் எந்தக் குழந்தை தானாகவே தேறும், எந்தக் குழந்தை தேறாது என்பதை வெறும் பார்வையால் முன்கூட்டிச் சொல்ல ஒருவராலும் இயலாது. விதைத்த வயலில் ஒரு பாத்தியில் மட்டும் முளை காணாவிட்டால், விவசாயி அறுவடைவரை காத்திராமல் அங்கேயே குனிந்து மண்ணைக் கிளறிப் பார்க்கிறார். குழந்தை விஷயத்தில் மட்டும் நாம் ஏன் இரண்டு மூன்று வருஷங்களைக் கழித்துவிடுகிறோம்? பார்ப்பதனால் நஷ்டமில்லை. குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தால் ஒரு நாள் கூலியோடு போயிற்று. ஏதேனும் உண்டெனத் தெரிந்தால், மூளை மிகவும் இளகியிருக்கும் முதல் சில வருஷங்கள் வீணாகாமல் கைக்குக் கிடைக்கின்றன.

பேச்சு என்பது வாயில் தொடங்குவதன்று. இதை நெசவாளருக்கு விளக்குவது எளிது. பாவு இல்லாத தறியில் நாடாவை எத்தனை முறை ஓட்டினாலும் துணி உண்டாவதில்லை. குழந்தையிடம் அந்தப் பாவுக்கு ஒப்பானது, பிறரோடு அது கொள்ளும் தொடர்பு: முகம் பார்த்தல், சிரிப்புக்குச் சிரித்தல், தான் கண்ட காக்கையை நமக்கும் காட்டும்பொருட்டு விரல் நீட்டுதல், நாம் காட்டிய திசையில் நோக்குதல். சொற்கள் பின்னரே ஊடையாக வந்து சேர்கின்றன. எனவே ‘எத்தனை வார்த்தை பேசுகிறான்?’ என்று மாத்திரம் கேட்பது போதாது. ‘தனக்கு வேண்டியதை எப்படித் தெரிவிக்கிறான்? தான் கண்டு மகிழ்ந்ததை நம்மோடு பகிர்ந்துகொள்ள வருகிறானா?’ என்பவையும் கேட்கத்தக்கவை.

வைத்தியர்கள் கவனிக்கச் சொல்லும் பருவக் குறிகள் சில உண்டு. 6 மாதமளவில் குழந்தை ஓசை வந்த பக்கம் திரும்பவேண்டும். 9 மாதத்தில் தன் பெயருக்குத் திரும்பிப் பார்த்து, ‘பபப, மமம’ என்று மழலை ஒலிகளை அடுக்கவேண்டும். ஒரு வயதுக்குள் கையசைத்து ‘டாட்டா’ காட்டுதல் போன்ற சைகைகள் வரவேண்டும். 18 மாதத்தில் விரல் நீட்டிக் காட்டுவதும் சில சொற்களும், 2 வயதில் ‘பால் தா’, ‘அப்பா வா’ என்பதுபோல் இரு சொற்களைச் சேர்த்துப் பேசுவதும் எதிர்பார்க்கத்தக்கன. இவற்றில் ஒன்று சில வாரங்கள் முன்பின்னாக வருவதனால் அஞ்சவேண்டியதில்லை. ஆயினும் ஒரு குறியை மட்டும் எந்த வயதிலும் அலட்சியம் செய்யலாகாது: வந்த சொற்கள் மறைந்துபோதல். 15 மாதத்தில் ‘அத்தை’ என்று அழைத்த குழந்தை 20 மாதத்தில் அதை விட்டுவிட்டால், அடுத்த திருவிழா போகட்டும் என்று காத்திராமல் அந்த வாரமே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

முதலில் செய்யவேண்டியது செவிச் சோதனை. ‘அவனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, பிஸ்கட் காகிதம் சலசலத்தால் ஓடி வருகிறான்’ என்று தகப்பனார்கள் சொல்வதுண்டு. மேற்சொன்ன அங்கத்தினரும் அவ்வாறே சொன்னார். ஆனால் செவிக்குறை என்பது முழுச் செவிடு ஒன்றுமட்டுமன்று. சில ஒலிகள் கேட்டு, சில ஒலிகள் கேளாமலிருப்பதும் உண்டு. பறை முழக்கமும் கதவு அடிக்கும் சத்தமும் கேட்கும் குழந்தைக்கு, ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லொலிகள் கேளாதிருக்கலாம். அக்குழந்தைக்கு நம் பேச்சு, பாதி எழுத்து அழிந்த கடிதம்போல் வந்து சேருகிறது. சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வதாலும் சில மாதங்கள் செவி மந்தப்படும்; இதற்கு எளிய வைத்தியமே போதும். கர்ப்பிணிக்கு ரூபெல்லா என்னும் அம்மை கண்டிருத்தல், பிறந்தவுடன் கடும் மஞ்சட்காமாலை, மூளைக்காய்ச்சல், குறைமாதப் பிறப்பு ஆகியவை நிரந்தரச் செவிக்குறைக்குக் காரணமாகலாம். அக்காள் மகள், மாமன் மகன் என நெருங்கிய உறவில் மணம் முடித்த குடும்பங்களில் பிறவிச் செவிக்குறை அதிகம் காணப்படுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டியிருக்கிறது.

சோதனை செய்வதில் வலி ஏதும் இல்லை. காதில் சிறு குமிழை வைத்து உட்செவி திருப்பி அனுப்பும் எதிரொலியை அளக்கும் சோதனை சில நிமிஷங்களில் முடிந்துவிடும். குழந்தை தூங்கும்போது தலையில் கம்பிகள் ஒட்டி, ஒலி நரம்பு வழியே மூளைக்குச் செல்வதைப் பதிவு செய்யும் ‘பெரா’ என்ற சோதனையும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் இவை கிடைக்கும். செவிக்குறை உறுதியானால் கருவி பொருத்தலாம். கருவியால் பயன்படாத அளவுக்குக் குறை மிகுந்த, 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, உட்செவியில் கருவி பதிக்கும் சத்திரசிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் செய்யப்படுகிறது. வயது ஏற ஏறப் பயன் குறையும் என்பதால் இங்கே ஒவ்வொரு மாதமும் கணக்கு.

செவி நன்றாக இருந்தும் பேச்சு வராதிருந்தால், பிற காரணங்களை ஆராயவேண்டும். பேச்சு மட்டுமே தாமதித்து மற்றெல்லாம் சரியாக இருக்கலாம். அறிவு வளர்ச்சி முழுவதுமே தாமதிக்கலாம். அல்லது ஆட்டிசம் எனப்படும் நிலையாக இருக்கலாம். இதனை ‘மதியிறுக்கம்’ என்று தமிழில் எழுதுகிறார்கள். மதி இறுகிவிட்டது என்ற பொருள் பெற்றோரை அச்சுறுத்துவதோடு உண்மைக்கும் பொருந்தாது என்பது நம் அபிப்பிராயம். ஆகவே ஆட்டிசம் என்றே எழுதுகிறோம். பிறரோடு தொடர்பு கொள்வதில் வேறுபாடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், பழகிய ஒழுங்கு மாறினால் தாங்கொணாத் துயரம், சில ஓசைகளையும் தொடுதல்களையும் பொறுக்கமுடியாமை, இவை அதன் பொதுக் குறிகள். குழந்தைக்குக் குழந்தை இவற்றின் அளவு வேறு. சரளமாகப் பேசுபவர்களும் உண்டு. வாழ்நாள் முழுதும் பேச்சு வராதவர்களும் உண்டு. 2021-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு இந்நிலை இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆயிரம் குடும்பங்களுள்ள ஒரு சங்கத்தில் இது யாருக்கும் இல்லையென்றால், நாம் அறியவில்லை என்பதே அதற்குப் பொருளாகும்.

இனி, தாய்மார்களுக்காக ஒரு வரலாற்றைச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து வைத்தியர் லியோ கன்னர் என்பவர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இந்நிலையை முதலில் தனியாக இனங்காட்டியது. ஆனால் அக்குழந்தைகளின் பெற்றோரிடம் பாசம் குறைவு என்ற ஒரு கருத்தும் உடன் கிளம்பிவிட்டது. 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் தம் நூலொன்றில் தாயின் அன்பின்மையே காரணமென வாதித்தார். குளிர்ப்பெட்டித் தாய்மார் என்னும் இழிபெயர் மேனாட்டுப் பெண்களைப் பல்லாண்டு வாட்டியது. இதை எதிர்த்து 1964-லேயே நூல் எழுதிய பெர்னார்டு ரிம்லாண்டு, தாமே அத்தகைய ஒரு மகனுக்குத் தகப்பனார். 1969-இல் பெற்றோர்கள் கூடிய சபை ஒன்றில், கன்னர் தாமே அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாகக் கூறினார். 1977-இல் பிரிட்டனில் இரட்டைக் குழந்தைகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சி, இது பெரும்பாலும் பிறவிக்கூறுகளோடு தொடர்புடையதெனக் காட்டிற்று. அங்கே கைவிடப்பட்ட அப்பழி நம் ஊர்களில் வேறு உருவில் உலவுகிறது. ‘இவள் தறியே கதியென்று கிடந்தாள், பிள்ளையைக் கொஞ்சவில்லை’ என்று மாமியார் சொல்கிறார். ‘கிரகணத்தில் வெளியே வந்தாள்’ என்று அண்டை வீட்டார் சொல்கிறார்கள். இரண்டும் பொய். தறியில் அமர்ந்ததற்காகத் தாயைக் குற்றஞ்சாட்டும் வீடு, அவள் நெய்த சேலையின் கூலியை மறுக்காமல் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

தடுப்பூசியைப் பற்றிய அச்சமும் இத்தகையதே. 1998-இல் லண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பெற்ற கட்டுரையிலிருந்து அது பரவியது. அக்கட்டுரையை அவ்விதழே 2010-இல் வாபஸ் பெற்றது. எழுதியவரின் பெயர் அந்நாட்டு வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று கண்டது. செவிட்டுத் தன்மைக்குக் காரணமாகும் ரூபெல்லாவைத் தடுப்பதே நம் குழந்தைகளுக்கு 9 மாதத்திற்கு மேல் போடப்படும் ஊசிதான் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

நம் அங்கத்தினரில் சௌராஷ்டிரமும் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுவோர் பலர். பேச்சுத் தாமதமானால், ‘வீட்டு மொழியை நிறுத்துங்கள், தமிழிலேயே, அல்லது இங்கிலீஷிலேயே பேசுங்கள்’ என்று சில இடங்களில் சொல்லியனுப்புகிறார்களாம். இருமொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு உண்டாவதில்லை என்பது ஆராய்ச்சிகளால் தெளிவான ஒன்று. பாட்டிக்கு எந்த மொழியில் கொஞ்ச வருகிறதோ அந்த மொழியில் கொஞ்சட்டும். தமக்கு வராத மொழியில் தட்டுத்தடுமாறிப் பேசும் தாய், விரைவில் பேசுவதையே குறைத்துவிடுகிறார், நஷ்டம் குழந்தைக்கே.

கைப்பேசியைப் பற்றி ஒரு வார்த்தை. பாவு பிணைக்கும்போதும் களையெடுக்கும்போதும் குழந்தையை அமைதியாக இருத்தும்பொருட்டு அது கையில் கொடுக்கப்படுகிறது. வேறு ஆளில்லாத வீட்டில் இதைக் கண்டு பரிகசிப்பது எளிது. நாம் அதைச் செய்யமாட்டோம். கைப்பேசியால் ஆட்டிசம் உண்டாகிறதென்றும் சொல்வதற்கில்லை. எனினும் படம் பேசுமே தவிரக் குழந்தைக்குப் பதில் சொல்வதில்லை. அதில் கழியும் ஒவ்வொரு மணியும், மனிதர் முகம் பார்த்துப் பேசக்கூடிய ஒரு மணியாகும். 2 வயது நிரம்பும்வரை திரையே கூடாதென்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியுள்ளது. விசைத்தறிக் கூடத்தில் குழந்தையின் தொட்டிலைக் கட்டுவதோ இதனினும் கெடுதல். 85 டெசிபெலுக்கு மேற்பட்ட ஓசையை நெடுநேரம் கேட்டால் பெரியோர் செவியே மந்தப்படும். அந்த இரைச்சலில் தாயின் சொல் ஒன்றும் குழந்தையின் செவிக்கு எட்டாது.

நாக்கில் வசம்பு தடவுவதும், ‘கட்டை நாக்கு’ என்று நாக்கின் அடியை அறுப்பிப்பதும் பேச்சைக் கொண்டுவருவதில்லை. கோயிலுக்கு நேர்ந்துகொள்வதை நாம் தடுக்கவில்லை. போகும் வழியில் ஆஸ்பத்திரிக்கும் போய்வரும்படி மட்டும் கேட்கிறோம். ஆட்டிசத்தை மாற்றும் மருந்து இதுவரை இல்லை. ஸ்டெம்செல் ஊசி போட்டுக் குணப்படுத்துவதாகப் பல லட்சம் வாங்கும் இடங்கள் உள்ளன. அதனை ஆட்டிசத்துக்குச் சிகிச்சையாகப் பரிந்துரைப்பதற்கில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தெரிவித்துவிட்டது. இத்தனை மாதத்தில் குணம் என்று கெடு வைத்து, பணத்தை முன்னரே கேட்கும் எவரிடமும் அங்கத்தினர்கள் ஏமாறவேண்டாம்.

அப்படியானால் செய்யத்தக்கது ஏதுமில்லையா? நிறைய உண்டு, அதிற் பெரும்பகுதி வீட்டிலேயே உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 2 முதல் 9 வயதுக்குட்பட்ட 65 ஆட்டிசக் குழந்தைகளின் குடும்பங்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடைபெற்று, 2016-இல் முடிவு வெளியாயிற்று. அதில் பயிற்சி அளித்தவர்கள் பெரிய நிபுணர்கள் அல்லர்; பழக்கப்பட்ட உள்ளூர் ஊழியர்கள். பயிற்சி பெற்றதும் குழந்தையன்று, பெற்றோரே. தாயும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைத் தாயிடமே போட்டுக் காட்டி, ‘இந்த இடத்தில் பாருங்கள், அவன் உங்களைப் பார்த்தான், நீங்கள் அப்போது என்ன செய்தீர்கள்?’ என்று 12 அமர்வுகளில் எடுத்துச் சொன்னார்கள். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து நடப்பது மிகுந்தது. குழந்தைகள் தாமாகவே தொடர்பு கொள்ள முன்வருவதும் மிகுந்தது. ஆட்டிசம் நீங்கிவிட்டதென்று அந்த ஆராய்ச்சி சொல்லவில்லை. ஆயினும் கிராமத்துத் தாய் தகப்பனாராலும் இது செய்யக்கூடியதே என்று காட்டியதல்லவா?

செய்முறையின் சாரம் இதுதான். ‘சொல்லு, சொல்லு, அம்மா சொல்லு’ என்று குழந்தையை நெருக்குவதை முதலில் விட்டுவிட வேண்டும். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதை நாம் பார்க்கவேண்டும். தரையில் அதன் முகத்துக்கு நேராக அமர்ந்து, அந்தப் பொருளுக்கு ஒன்று அல்லது இரண்டே சொல் சொல்லவேண்டும். தார்க்குச்சி அடுக்கும் பையனிடமிருந்து அதைப் பிடுங்கவேண்டியதில்லை. பக்கத்தில் அமர்ந்து நாமும் ஒன்று அடுக்கி, ‘சிவப்பு’ என்று சொல்லி நிறுத்தலாம். அடுத்த குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். இந்தக் காத்திருத்தல்தான் பெரியோருக்கு மிகவும் கடினம். நாம் இரண்டு விநாடியில் பொறுமையிழந்து மறுபடி பேசிவிடுகிறோம். மனத்துக்குள் பத்து எண்ணும்வரை வாயை மூடியிருந்தால், குழந்தை ஒரு பார்வையோ, கைநீட்டலோ, ஓர் ஒலியோ தரும். அதனையே சொல்லாக ஏற்று உடனே பொருளைக் கொடுக்கவேண்டும். பசித்த குழந்தையிடம் ‘சொன்னால்தான் சோறு’ என்று பிணை வைப்பது இதுவன்று, அது கொடுமை.

நம் பாட்டிமார் கையில் இதற்கென்றே ஓர் அருமையான கருவி இருக்கிறது. குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறூட்டி, பிறகு நண்டும் நரியும் கையின்மேல் ஊர்ந்து அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டை அறியாதார் யார்? நாள்தோறும் நான்கைந்து தடவை அதை ஒரே மாதிரி ஆடவேண்டும். நன்கு பழகியபின், கிச்சுக்கிச்சு மூட்டுமிடத்திற்கு ஒரு சாண் முன்னே விரலை நிறுத்திவிட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவேண்டும். ‘ஏன் நின்றுவிட்டது?’ என்று குழந்தை நிமிர்ந்து நம் கண்ணை நோக்கும் அந்த நொடியே நாம் தேடுவது. பேச்சுப் பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் முறைகளில் ஒன்றும் இதுவே. படங்களைக் காட்டியும் சைகையாலும் குழந்தை கேட்கக் கற்பிப்பதையும் அஞ்சவேண்டாம். அதனால் பேச்சு வராமற்போகும் என்பது வீண் பயம்.

உதவிக்குச் செல்லும் வழி இது. 2013-இல் தொடங்கப்பெற்ற மத்திய அரசின் சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்கு வருகிறார்கள். குழந்தை பேசவில்லை என்பதை அவர்களிடம் நாமே வாய்விட்டுச் சொல்லவேண்டும். அன்றைக்கு அழாமல் அமர்ந்திருக்கும் பிள்ளையை அவர்கள் கடந்துபோகக் கூடும். அவர்கள் வரும்வரை காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கலாம். அங்கிருந்து மாவட்டத்திலுள்ள ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். குழந்தை வைத்தியர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை வைத்தியர் ஆகியோர் அங்கே ஒரே கூரையின்கீழ் இருக்கவேண்டுமென்பது ஏற்பாடு. எல்லா இடத்திலும் எல்லாரும் எப்போதும் இருப்பதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறோம்; நாள் கேட்டுக்கொண்டு போவது நலம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும், மைசூரில் 1965-இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு-செவிப்புலன் நிறுவனமும் பெரிய இடங்கள். தென் மாவட்டத்தார்க்குத் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981 முதல் தொண்டாற்றும் அமர் சேவா சங்கம் அண்மையில் உள்ளது.

2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை நிலைகளை ஏற்கிறது. ஆட்டிசமும், பேச்சு-மொழிக் குறைபாடும், செவிக்குறையும் அவற்றுள் அடங்கும். சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெற்றால் உதவிகளுக்கு வழி உண்டு. ஆட்டிசமுள்ளோர்க்கு ‘நிரமயா’ என்ற காப்பீட்டின் மூலம் 1 லட்சம் ரூபாய் வரை வைத்தியச் செலவு, பயிற்சிக் கட்டணம் உட்பட, பெறலாம். ‘சான்றிதழ் வாங்கினால் மூத்த பெண்ணுக்கு வரன் தவறிவிடும்’ என்று ஒரு தாயார் நம்மிடம் கண்கலங்கிச் சொன்னார். அச்சம் பொய்யன்று; ஊர் வாய் நாமறியாததா? ஆயினும் அட்டை வீட்டுப் பெட்டியில் இருக்கும். அதை வாங்காததால் இழந்த வருஷங்களோ பையனோடு கூடவே வளரும்.

விவசாய அங்கத்தினருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. ஆட்டிசமுள்ள குழந்தைகளில் பலர் சொல்லாமல் வெளியே நடந்துவிடுவார்கள், தண்ணீரால் கவரப்படுவார்கள், அழைத்தால் குரல் கொடுக்கவும் மாட்டார்கள். மேனாட்டுக் கணக்குகளில், அத்தகைய குழந்தைகளின் எதிர்பாராத மரணங்களில் நீரில் மூழ்குவதே முதன்மையாக நிற்கிறது. தரைமட்டக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும், பண்ணைக் குட்டைக்கு வேலியும், வாசற்கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாளும் இந்த வாரமே செய்யத்தக்கவை. பயிற்சி தொடங்குவதற்கு முன்னரே இதைச் செய்யவேண்டும்.

மனுச் செய்த அங்கத்தினருக்குக் கமிட்டி 70,000 ரூபாய் தரவில்லை. போக்குவரத்துச் செலவுக்கும் கூலி நஷ்டத்துக்குமாக 6,000 ரூபாய் கொடுத்து, கமிட்டி உறுப்பினர் ஒருவரையும் உடன் அனுப்பிற்று. முதலில் அவருக்கு நம்மீது கோபந்தான். பணம் கேட்டால் புத்தி சொல்கிறார்கள் என்று வெளியே சொல்லியும் இருக்கிறார். செவிச் சோதனையில் குறை இல்லை. மூன்றாம் முறை சென்றபோது ஆட்டிசம் என்று சொன்னார்கள். அன்று திரும்பி வருகையில் பஸ்ஸில் தாமும் மனைவியும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை என்று பின்னர் அவரே நம்மிடம் கூறினார். தறிக்கு வாங்கிய முன்பணத்தை மறுவாரமே திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது வாரத்தில் ஒரு நாள் பயிற்சிக்குப் போகிறார்கள். மற்ற நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் தறியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் தகப்பனார் தரையில் அமர்கிறார்.

பையனுக்கு 4 வயது நிரம்பப்போகிறது. ஏழெட்டுச் சொற்கள் வந்திருக்கின்றன. அவற்றில் இரண்டு பாட்டி பேசும் தெலுங்குச் சொற்கள். தார்க்குச்சிகளை இன்னமும் அடுக்குகிறான். சென்ற மாதம் நாம் போயிருந்தபோது, வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துவந்து தகப்பனார் கையில் வைத்து, அவர் முகத்தைப் பார்த்தவாறு நின்றான்.

நமது பகுதி அங்கன்வாடிகளுக்கு மருத்துவக் குழு வரும் தேதிகளை ஒவ்வொரு மாதமும் விசாரித்து, சங்க அலுவலக வாயிலில் எழுதி ஒட்ட ஏற்பாடு செய்துள்ளோம். மாவட்ட மையத்துக்கு முதன்முறை செல்ல விரும்பும் அங்கத்தினர்கள் காரியதரிசியிடம் முன்னாள் மாலைக்குள் தெரிவித்தால், முன்பு சென்றுவந்த குடும்பத்தாரில் ஒருவர் உடன் வருவார்.